எத்தனை மணி நேரம் ஓடும் என்று மட்டும் கேட்காதீர்கள்

2024 மார்ச் 26-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை வெட்டுவது, கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. 2025-இல் அவ்வப்போது தலைகாட்டியதோடு சரி. அதனால் டர்பனில் பல வீட்டு கராஜ்களில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை விற்றுத் தள்ள ஒரு கூட்டம், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க ஒரு கூட்டம். கேபிள் திருட்டு, டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று ஏதாவது ஒரு காரணத்தில் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பதால் வாங்குபவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் 2022, 2023-இல் நாங்கள் எல்லாம் காசைக் கரைத்து விட்டொழித்த அதே தவறுகளை இவர்கள் புதிதாகத் தொடங்குவதைப் பார்த்தால் பொறுக்கவில்லை. தொழில் பழக வரும் தம்பிகளும் அப்படித்தான். ப்ளஸ் மைனஸ் பார்த்து மாட்டு, நட்டை இறுக்கு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் பேட்டரி பக்கமே போக வேண்டாம்.

கீசர்

150 லிட்டர் கீசர் 3 கிலோவாட் இழுக்கும். இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்.

பேட்டரி நிரம்புவதற்கு நேரம் கொடுக்காதது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றுவரை எரிச்சல் மூட்டும் விஷயமும் இதுதான்.

பேட்டரி வாங்க வருபவர்களின் முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை மணி நேரம் ஓடும்?" நியாயமான கேள்விதான். ஆனால் காலியான பேட்டரி திரும்ப நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. விற்பவர்களும் வாயைத் திறப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். சக்கரம் வைத்த டிராலி இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். பெயர் 'ஜெல்' என்று இருந்தாலும் அதுவும் ஈய பேட்டரிதான். 1200 வாட் மணி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக நம் கைக்கு வருவது 600. டிவி, வைஃபை, நாலு விளக்கு, ஒரு ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 300 வாட் என்றால் 2 மணி நேரம் ஓடும். அப்போது லோட்ஷெடிங்கும் ஒரு தடவைக்கு 2 மணி நேரம்தான். அடடா, சரியாகப் போச்சு என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அப்புறம் ஸ்டேஜ் 4 வரும். ஸ்டேஜ் எண் கூடக் கூட வெட்டும் கூடும். நான்கு நாளில் 12 தடவை, அதாவது நாளைக்கு மூன்று முறை. ஒரு வெட்டு முடிந்து அடுத்தது வர நடுவில் சுமார் 6 மணி நேரம். டிராலிக்குள் இருக்கும் சார்ஜரோ 10 ஆம்பியர். பாதி காலியான பேட்டரி 80 சதவீதத்துக்கு ஏற 3 மணி நேரம் போதும். மீதி 20 சதவீதம்தான் படுத்தி எடுக்கும். நிரம்ப நிரம்ப ஈய பேட்டரி கரண்டை வாங்க மறுக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்கே இன்னொரு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஸ்டேஜ் 6 என்றால் நான்கு நாளில் 18 தடவை. சில நாள் இடைவெளி 4 மணி நேரம்கூடத் தேறாது. ஆக பேட்டரி ஒருநாளும் முழுசாக நிரம்பாது.

நிரம்பாத ஈய பேட்டரிக்குள் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, படிகமாக இறுகிவிடும். இறுகியது பெரும்பாலும் கரையாது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும். முதலில் 2 மணி நேரம் ஓடியது ஒன்றரை ஆகும், அப்புறம் முக்கால் ஆகும்.

டர்பன் பக்கம் பீனிக்ஸில் ஒரு வீடு. இரவில் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொண்டு தூங்கும் ஒரு ஆயாவுக்காகப் பிள்ளைகள் டிராலி வாங்கியிருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் 20 நிமிடத்தில் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. விற்ற கடை 'நீங்கள் அதிகமாக லோடு போட்டுவிட்டீர்கள்' என்று கையை விரித்தது. லோடு அதிகமே இல்லை. பேட்டரியில் எதையும் மாட்டாமல் ஓர் இரவு வைத்து அளந்தேன்: 12.1 வோல்ட். முழுசாக நிரம்பியது 12.7 காட்ட வேண்டும். மாதக்கணக்கில் அரைவயிற்றோடு வேலை செய்திருக்கிறது. பிள்ளைகள் அதேபோல் இன்னொன்று வாங்கத் தயாராக நின்றார்கள்! மெஷினை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இந்த வம்பு பண்ணாது. பாதி நிரம்பிய நிலையில் கிடந்தாலும் அதற்குக் கெடுதல் இல்லை. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி, 50 ஆம்பியரில் ஏற்றினால் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் நிரம்பிவிடும். விலை அதிகம்தான். ஆனால் ஈய பேட்டரியை வருடத்துக்கு ஒன்று மாற்றினவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கராஜில் கிடப்பவற்றுக்கும் இதே நோய். உபயோகம் இல்லையென்றாலும் ஈய பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாதம் ஒருமுறை சுவரில் மாட்டி ஓர் இரவு முழுக்க விடுங்கள்.

பழைய செட்டிங்கோடு லித்தியம் மாட்டுவது

ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைப்பார்கள். சார்ஜர் செட்டிங் அப்படியே இருக்கும். ஈக்வலைசேஷன் என்று ஒன்று இருக்கும், ஈய பேட்டரிக்காக வோல்ட்டேஜைத் தூக்கி ஏற்றும் வேலை; அதை முதலில் அணையுங்கள்.

சூரியன் எந்தப் பக்கம்

இது நம் ஆட்களுக்கே உரிய தவறு. தமிழில் சோலார் வீடியோ தேடினால் தமிழ்நாட்டு வீடியோதான் வரும். பேனலைத் தெற்குப் பார்த்து வை என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கிறது. நமக்கு நண்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்கே. சாட்ஸ்வொர்த்தில் ஒரு தம்பி வீடியோவை அப்படியே பின்பற்றி ஆறு பேனலைத் தெற்குச் சரிவில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தான். ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே தாழ்ந்து போகும்; அந்த மாதங்களில் அவன் வீட்டுப் பேனல் கூரைக்கு நிழல் கொடுத்ததோடு சரி. வடக்கு குபேர திசை என்று சொன்னதும்தான் அவன் அம்மா மாற்றி வைக்கச் சம்மதித்தார். வடக்குச் சரிவு இல்லாத கூரை என்றால் கிழக்கும் மேற்கும் பிரித்துப் போடுங்கள், மோசமில்லை.

இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த வயர்

இன்வெர்ட்டர் கரண்டைச் சுவர் ப்ளக் வழியாக வீட்டுக்குள் விடவா? வேண்டாம். அது தெருக் கம்பி வரை போகும்; கம்பத்தில் ஏறியிருப்பவர் செத்துப்போவார்.

நியூட்ரல்

டிபி போர்டில் (வீட்டின் மெயின் ஸ்விட்ச் பெட்டி) லைவை மட்டும் பிரித்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டு, நியூட்ரலைப் பழைய பாரிலேயே விட்டுவிடுவார்கள். எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச், சும்மா சும்மா விழும். அதைவிட மோசம், கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் பக்கம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பிணைப்பு இல்லாமல் விடுவது. அப்போது கசிவு ஏற்பட்டாலும் எர்த் லீக்கேஜ் பிடிக்காமல் போகலாம். இதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சிஓசி இல்லாமல் வீடு தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

செகண்ட் ஹேண்ட் பேட்டரி

ஈய பேட்டரி என்றால் முதல்நாளே முழுசாக ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் போய் அளந்து பாருங்கள், 12.6-க்குக் கீழே என்றால் பேச்சே வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை 2 மணி நேரம் எரியவிட்டு, அது எரியும்போதே மீண்டும் அளங்கள். நல்ல 100 ஆம்பியர் மணி பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. லித்தியம் என்றால் பேட்டரியைக் கவனிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டில் சைக்கிள் எண்ணிக்கை, அதாவது எத்தனை தடவை ஏற்றி இறக்கியது என்பது, பதிவாகியிருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். அவ்வளவு நேரமெல்லாம் எனக்கு இல்லை என்று விற்பவர் சொன்னால், காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்துவிடுங்கள்.