இலியோஸ்டமி பையோடு பார்ட்டியா? முன்னும் பின்னும் ஓ.ஆர்.எஸ்.

குடல் அறுவைக்குப் பிறகு இலியோஸ்டமி பையோடு (சிறுகுடலை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே கொண்டுவந்து, கழிவைச் சேர்க்கும் பை) இருப்பவர்கள், மது அருந்தும் இரவில் கிளம்பும் முன் ஒரு டம்ளரும் படுக்கும் முன் ஒரு டம்ளரும் ஓ.ஆர்.எஸ். (சர்க்கரை-உப்புக் கரைசல்) குடித்துவிடுங்கள்.

சிறுகுடல் விட்டுவைக்கும் நீரையும் உப்பையும் உறிஞ்சித் தருவது பெருங்குடல். அதன் வழி இல்லாதபோது இரண்டும் பைக்குப் போய்விடும். மது சிறுநீரையும் கூட்டிவிடும். அப்புறம் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அது உப்பையும் இழுத்துக்கொண்டு பையில்தான் சேரும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால்தான் சிறுகுடல் நீரை நன்றாக உள்ளே இழுக்கும். பாக்கெட் இல்லையா? காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், கண்மதிப்பு வேண்டாம்.

பீர் என்றால் பை காற்றால் ஊதும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள்.

பெருங்குடலின் பெரும்பகுதி வேலை செய்யும் கொலாஸ்டமிக்காரர்களுக்கு (பெருங்குடலை வெளியே கொண்டுவந்து பை வைத்தவர்கள்) பொதுவாக இந்த ஓ.ஆர்.எஸ். தேவையில்லை. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஓ.ஆர்.எஸ். குடிக்காதீர்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோ தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரையோ போகிறதென்றால் மதுவே கூடாது.