பள்ளிக் கூட்டத்தில் பிள்ளையும் பேசட்டும்: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையோடு புதிய நாட்டுக்கு வரும் பெற்றோருக்கு

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையோடு வெளிநாட்டில் குடியேறும் பெற்றோரைப் பள்ளி ஒரு கூட்டத்திற்கு அழைக்கும். பிள்ளைக்கென்று தனியே வகுக்கப்படும் கல்வித் திட்டத்தைப் பேசி முடிவுசெய்யும் கூட்டம் அது. அமெரிக்காவிலும் கனடாவின் பல பகுதிகளிலும் அத்திட்டத்தை ஐ.இ.பி. என்பார்கள், இங்கிலாந்தில் கூடுதல் உதவி தேவைப்படுவோருக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து எழுதப்படும் ஈ.எச்.சி. திட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஆசிரியர் பிள்ளையைப் பார்த்தே, “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்கலாம். நம்மில் பலர் அடுத்த நொடியே பிள்ளைக்காகப் பதில் சொல்லிவிடுகிறோம். பாசத்தால் செய்வதுதான், ஆனால் அந்தக் கேள்வி ஒப்புக்குக் கேட்கப்படுவதன்று.

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையின் கருத்தையும் விருப்பத்தையும் உள்ளூராட்சி கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அமெரிக்காவில், பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கையைத் திட்டமிடும் கூட்டத்திற்கு மாணவரையும் அழைத்தாக வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் 16 வயது நிரம்பிய மாணவரைக் கலந்தே திட்டம் எழுதப்பட வேண்டும்.

கருத்துச் சொல்லும் பழக்கம் கூட்டத்தன்று திடீரென வந்துவிடாது. வீட்டில்தான் வளர வேண்டும். “படிக்கலாமா?” என்று கேட்டால், எதிரில் இருப்பவரின் முகம் கோணக்கூடாது என்பதற்காகவே “சரி” என்று சொல்லும் பிள்ளைகள் பலர். ஆகவே கதைப் புத்தகம், வண்ணப் பென்சில் என இரண்டு பொருள்களை முன்னால் வைத்து, எது வேண்டும் என்று ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறவாமல் காத்திருங்கள். (சொல்வதற்கு எளிது, நமக்குத்தான் அந்தப் பத்து முடியவே முடியாது.) பிள்ளை புத்தகத்தைத் தொட்டால் அதைக் கொடுத்துவிட்டு, இன்னொரு வேளையில் இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். மறுபடியும் புத்தகத்தையே நாடினால் அது விருப்பமாக இருக்கலாம். எப்போதும் வலப்பக்கத்தையே தொட்டால் அது கைப்பழக்கமாக இருக்கலாம்.

பள்ளி மொழி வர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்த வேண்டியதில்லை. அறிவுசார் குறைபாட்டை உண்டாக்கும் பிறவி மரபணு நிலையான டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் இருமொழிச் சூழல் தடையாகத் தெரியவில்லை. பிள்ளையின் வீட்டுச் சொற்களையும் சைகைகளையும் பொருளோடு ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். காதைப் பொத்துவது சத்தம் பொறுக்காமலா, வேலை போதும் என்பதாலா என்பது புதிய ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை.

கூட்டத்திற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அண்ணனையோ அக்காவையோ அந்த வேலைக்கு அமர்த்தாதீர்கள், கசப்பானதை அவர்கள் மென்று விழுங்கிவிடுவார்கள். பேச்சு வராத பிள்ளை, தனக்குப் பிடித்ததும் பிடிக்காததுமான வகுப்பறை வேலைகளின் புகைப்படங்களைக் காட்டியே கூட்டத்தைத் தொடங்கலாம். “வாசிப்பில் முன்னேறுவார்” என்பது போன்ற இலக்கை ஏற்காமல், “காலை அட்டவணைப் படங்களைப் பார்த்துத் தானே அடுத்த வேலையைத் தொடங்கி, முடித்ததும் குறியிடுவார்” என்பது போல, பிள்ளை தானே சரிபார்க்கக்கூடியதாக எழுதச் சொல்லுங்கள். அங்கேயே கையொப்பமிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். வரைவை வீட்டுக்குக் கொண்டுசென்று, படங்களின் துணையோடு பிள்ளைக்கும் விளக்கிய பிறகு பதில் சொல்வதாகக் கூறுங்கள்.