காப்பும் புறூச்சும் தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

லண்டன் பழம்பொருள் சந்தைகளில் பழகிய கண்ணோடு யாழ்ப்பாணத்தில் பழைய நகை தேடப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுங்கள். அங்கே பழைய நகை என்று ஒரு சாமான் கிடையாது. பவுண், அதாவது தங்கம், இருக்கிறது, பவுண் இல்லாதது இருக்கிறது, அவ்வளவுதான். கன்னாதிட்டியில் எந்த நகைக்கடைக்குள் ஏறி "அம்மம்மா காலத்துக் காப்பு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டாலும், "வந்தது, உருக்கியாச்சு" என்பார்கள். கொழும்பு செட்டியார் தெருவிலும் இதே பதில்தான். 22 கரட் காப்பு என்றால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் உருகி, அந்த அந்த வருடத்து மோஸ்தருக்கு மாறிவிடும். அப்படித் தப்பியதில் ஒரு பங்கு 1995 இடப்பெயர்வில் அரிசிக்கும் மருந்துக்கும் போனது. மிச்சத்தில் ஒரு பங்கை 2022 பொருளாதார நெருக்கடி விழுங்கியது.

புறூச்சின் கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆசிரியைமாரும் கிளாக்கர்மாரின் மனைவிமாரும் சீலையின் தோள்மடிப்பில் குத்திய புறூச்சுகளில் கனக்க இங்கிலாந்திலிருந்து வந்த 9 கரட் சாமான்கள். அதில் பொன் நூற்றுக்கு 37.5 பங்குதான். பத்தர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அமிலம் தொட்டு, கோடு மங்குவதைக் காட்டி, "பவுண் இல்லைப் பிள்ளை" என்று கையில் திருப்பித் தருவார். விலை போகாததால்தான் அவை இன்றைக்கும் தையல் பெட்டிக்குள்ளும் பவுடர் ரின்னுக்குள்ளும் பொத்தான்களோடு கிடக்கின்றன. ஆகவே ஊரில் தேட வேண்டியது புறூச். காப்புத் தேடிப் போனால் என்ன நடக்கும் என்று பிறகு சொல்கிறேன்.

புறூச் கிடைத்தால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். நங்கூரம் பொறித்திருந்தால் பேர்மிங்ஹாமில் சோதித்தது, சிறுத்தைத் தலை என்றால் லண்டனில் சோதித்தது. பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து வருடத்தைச் சொல்லும். 15 கரட் என்றோ .625 என்றோ இருந்தால் இன்னும் நல்லது. பிரித்தானியாவில் அந்தத் தரம் 1854இல் வந்து 1932இல் நிறுத்தப்பட்டது. ஊசி போய் மாட்டும் கொக்கி வெறும் வளைந்த கம்பியாக, பூட்டு ஒன்றும் இல்லாமல், ஊசிநுனி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வேலை. உருட்டிப் பூட்டுகிற கொக்கி பின்னால் வந்தது. ஆனால் ஊசியும் கொக்கியும் ஊர்ப் பத்தரால் மாற்றப்பட்டிருக்கலாம், ஈயம் வைத்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புக் கல்லைக் கண்டு மயங்க வேண்டாம். வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை 1902இலேயே வெளியிட்டுவிட்டார். நூறு வருடப் பழைய நகையில் நூறு வருடப் பழைய செயற்கைக் கல் இருக்கலாம். உருப்பெருக்கியில் உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் அதுதான்.

மலாயாப் பென்சனியர் இருந்த வீடு என்றால் இன்னும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்யப் போன எங்கள் ஆட்கள் அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் கெரோசாங்கும் இருக்கும். மலாயாவில் குடியேறிய சீனரின் வழிவந்த பெரனாக்கான் பெண்கள் கெபாயாச் சட்டையின் முன்பக்கத்தைப் பூட்டக் குத்துவது, மூன்று சேர்ந்தது ஒரு கூட்டம்: பெரிதாகத் தாய் ஒன்று, வட்டமாகப் பிள்ளைகள் இரண்டு. எங்கள் வீடுகளில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம், பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்திருப்பார்கள். தாய் சுன்னாகத்தில், ஒரு பிள்ளை கனடாவில் ஸ்கார்புறோவில், மற்றது யாரோ ஒரு மருமகளின் அலுமாரியில். சேர்க்க நினைத்தால் குடும்பச் சண்டை மூன்றுக்கும் நடுவராக இருக்கத் தயாராகுங்கள்.

பழைய காப்புகளில் சில உள்ளே வெறுமையானவை, அரக்கு அடைத்தவை. கையில் கனக்கும், தராசில் ஏமாற்றும். சுடுதண்ணீரில் போட்டுக் கழுவினால் அரக்கு இளகி வெளியே வரும். வாங்கிய அன்றே பளபளக்க வைக்க வேண்டும் என்று நிற்கும் உறவினரிடமிருந்து அதைக் காப்பாற்றுங்கள்.

இனி அடைவுச் சீட்டுக்கு, அதாவது நகையை அடகு வைத்த சீட்டுக்கு, வருவோம். என் விடுமுறையில் பாதியைத் தின்றது அதுதான் என்பதால் இங்கேயும் பாதியைத் தின்னப்போகிறது.

"நகை பாங்கிலை பத்திரமாய்க் கிடக்கு" என்று ஊரில் யாராவது சொன்னால், லொக்கரிலா அடைவிலா என்று அப்போதே கேளுங்கள். அம்மம்மாவின் முறுக்குக் காப்புச் சோடி எங்கள் வீட்டுக் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதில் ஒன்றைப் பவுணுக்கு என்ன விலையோ அந்த விலை கொடுத்து வாங்கிவருவதென்று போனேன். சின்னம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அது அடைவிலை எல்லோ" என்றா. அடைவுச் சீட்டைத் தேடி எடுத்தா. சித்தப்பாவின் பெயரில் இருந்தது. சித்தப்பா இல்லை. வருடா வருடம் வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறா. வட்டி கட்ட வருகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நகையை மீட்க வருகிறவரிடம்தான் எல்லாம் கேட்பார்கள்.

வங்கியின் பெயர் வேண்டாம், எந்த வங்கியிலும் இதுதான் நடக்கும் என்றார்கள். மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தோம். விவாகப் பதிவு கேட்டார்கள். அது இடப்பெயர்வில் தொலைந்தது, பிரதிக்கு விண்ணப்பித்தோம். உரித்தாளிகள் யார் யார் என்று கிராம சேவையாளரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் கள வேலைக்குப் போயிருந்தார். திரும்பப் போனபோது கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒருவழியாக அகப்பட்டவர் சின்னம்மாவை விட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்றார். "பெறாமகள்." "வெளிநாடோ?" அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதுவதற்கு எடுத்த பேனையை மேசையில் வைத்துவிட்டு லண்டனில் வீட்டு விலை விசாரித்தார். கடிதம் கிடைத்தது. சித்தப்பாவின் முதலெழுத்து அடையாள அட்டையில் ஒன்று, கடிதத்தில் ஒன்று. வங்கியில் இருந்த பிள்ளை அதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தாள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியக்கடதாசி முடித்தோம்.

பிறகு பிள்ளைகளின் சம்மதம். மூத்தவள் ஊரில், கையெழுத்து வைத்தாள். இளையவன் பிரான்சில். தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்து அனுப்பு என்றேன். லீவு இல்லை என்றான். பிறகு இரவு வட்ஸ்அப்பில் வந்தான்: "அக்கா, கையெழுத்துப் பிரச்சினை இல்லை. சோடியிலை ஒண்டு என்ரை மகளுக்கு எண்டு அம்மாட்டைச் சொல்லிப் போடுங்கோ." மற்றது தன் மகளுக்கு என்று மூத்தவள் முன்னமே சொல்லிவிட்டாள். எனக்கு எது என்று கேட்கவில்லை, கேட்டால் கையெழுத்து வராது.

அதற்குள் சின்னம்மா இன்னொரு உறையைக் கொண்டுவந்து வைத்தா. அதற்குள்ளும் சீட்டுகள்: சங்கிலி ஒன்று, பேத்தியின் தோடு. "இதோடை இதையும் எடுத்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை." அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கத் தேவையில்லை. எதற்கு இவ்வளவும் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "கொம்மம்மா படுக்கையிலை கிடந்த வருசம் மூண்டு பேரும் மாறி மாறிக் காசு அனுப்பினீங்கள் தான். கடைக்காரன் மாசம் முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பானே?" என்றா. கோபம் ஒன்றும் இல்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னா. நான் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நகை வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சீட்டில் "காப்பு 02" என்றும் நிறையும் மட்டும்தான் எழுதியிருந்தது. முறுக்கு என்றோ, பூட்டில் அரும்பு வேலை என்றோ ஒரு சொல் இல்லை. உறையைக் கிழித்து, தராசுத் தட்டில் கொட்டி, எண்ணைச் சரிபார்த்து, கம்பிக்குக் கீழால் தள்ளிவிட்டார்கள். உள்விளிம்பு கண்ணாடி போல் தேய்ந்திருந்தது, திருகாணியில் பழைய நூல் சுற்றியிருந்தது. சின்னம்மா இரண்டையும் அந்த இடத்திலேயே போட்டுக்கொண்டா. ஓட்டோவில் வரும்போது, "ஒண்டு உனக்கு எண்டு சொன்னனான் தான். சோடியைப் பிரிக்கிறது சரியில்லைப் பிள்ளை" என்றா. நான் ஹீத்ரோவில் இறங்கி ஒரு மாதம் ஆகமுதல் கிணறு இறைக்கும் மோட்டர் எரிந்து, காப்பு திரும்ப அடைவுக்குப் போய்விட்டது. இந்த முறை சீட்டு அவவின் சொந்தப் பெயரில். உங்கள் வீட்டிலும் சீட்டுகள் இருந்தால், நகையை மீட்கக் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் கொண்டவர் உயிரோடு இருக்கும்போதே மற்றவருக்கு மாற்றுவது எப்படி என்று வங்கியில் விசாரித்துச் செய்வித்துவிட்டு வாருங்கள். ஆளை இழந்த வீட்டில் அந்தக் கவுண்டருக்கு முன்னால் நிற்கும் வேலை தங்கியிருப்பவர்களின் தலையில்தான் விழுகிறது, நாங்கள் விமானம் ஏறிவிடுவோம்.

புறூச் ஒன்று கிடைத்தது. கேட்காமலே கிடைத்தது. பவுடர் ரின்னைக் கவிழ்த்து, "இது பவுண் இல்லையாம், வேணுமெண்டால் கொண்டு போ" என்றா. நங்கூர முத்திரை, இரண்டு பறவைகள், ஒன்றின் கண்ணில் கல் இல்லை.

கொண்டுவருவது பற்றிச் சுருக்கமாக. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. அவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அம்மம்மாவின் புறூச் அவ்வளவு பழையதல்ல. 1988இன் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருப்பதால், அரிய வேலைப்பாடுள்ள பொருள் என்றால் முன்கூட்டியே காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். நீங்கள் போட்டுக்கொண்டு போகும் நகைகளை வெளிக்கிடமுதல் படமெடுத்து, நிறையோடு குறித்து வையுங்கள்.

பலாலியிலிருந்து சென்னை வழியாகத் திரும்புகிறவர்கள் கவனம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியருக்கான நகைச் சலுகை இலங்கையில் பிறந்தவருக்கும் உண்டு என்று நினைத்துக்கொண்டு இறங்காதேயுங்கள். சென்னையில் பி. ஓர் அண்ட் சன்ஸ் என்ற பழைய நகைக்கடை செய்த சுவாமி வேலைப்பாட்டுக் காப்பும் புறூச்சும் வாங்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. தெய்வ உருவங்கள் பதித்த அந்த நகைகள் 1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்த காலத்தில் வெள்ளைக்காரரிடம் பெயர் பெற்றவை. அதாவது நூறு வருடம் கடந்தவை, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாள் அவற்றை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. அவற்றை லண்டன் ஏலங்களில் வாங்குவதுதான் வழி, அன்றைக்கே கப்பலேறி வந்தவை அங்கே நிறையக் கிடக்கின்றன.

பிரித்தானியாவுக்குள் விமானத்தில் வருகிறவருக்கு வரியில்லாத வரம்பு 390 பவுண்ஸ். தாண்டினால் மிச்சத்துக்கு மட்டுமல்ல, முழுப் பெறுமதிக்கும் வரி. கனடாக்காரருக்கு, இரண்டு நாளுக்கு மேல் வெளியே இருந்தால், 800 டொலர். நூறு வருடம் தாண்டியது என்று நிறுவக்கூடிய நகைக்குப் பிரித்தானியாவில் இறக்குமதி வற் 5 வீதம்தான். நிறுவுவதற்கு முத்திரை உதவும், சின்னம்மாவின் வாய்ச்சொல்லை ஏற்கமாட்டார்கள்.