புல்தரையில் கோரை: கிழங்கோடு எடுப்பது எப்படி

கொரியன் புல் சீராகப் படர்ந்த தரையில், வெட்டிய மூன்றாம் நாளே முரட்டு இலைகள் சில மட்டும் தலைதூக்கி நின்றால் அது பெரும்பாலும் கோரைதான். பூத்தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டு முக்கோணம் என்பதால் விளிம்பு தட்டும். வழுக்கிக்கொண்டு உருண்டால் அது வேறு புல். கீழே சொல்லும் மருந்து அதற்குப் பயன்படாது.

இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். இலை கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணுக்கடியில் கிழங்குகள் கம்பி போன்ற தண்டால் மணிமாலை மாதிரி கோத்திருக்கும். மாலை முழுதாக இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கும்; அறுந்தால் அவையும் விழித்துக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் மூன்று முளைப்பது இதனால்தான்.

நாலைந்து இடத்தில் மட்டும் இருந்தால் கைவேலையே நல்லது. முதல்நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லைக் கத்தியால் வெட்டி, பாய்போலத் தூக்கித் தனியே வையுங்கள். 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை மண்ணைக் கட்டியாகவே எடுத்து உதிர்த்து, அந்தக் கம்பித் தண்டு போகும் திசையில் அடுத்த கிழங்கைத் தேடுங்கள். சலித்த மண்ணை நிரப்பி, புல்லைத் திரும்ப வைத்து மிதித்துவிடுங்கள். எடுத்த கிழங்கை எருக்குழியில் போடவே கூடாது. வெறும் தரையில் இரண்டு வாரம் நல்ல வெயிலில் காய்ந்தால்தான் சாகும்.

எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் சில கிழங்குகள் தப்பும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, ஐந்தாறு இலை வருமுன் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும்.

தரை முழுக்கப் பரவிவிட்டால் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்ற களைக்கொல்லியின் 75 சதவீதக் குருணை இருக்கிறது. கரும்புக்கென்று விற்பது, ஏக்கருக்கு 36 கிராம். அப்படியானால் ஒரு சென்ட் புல்தரைக்கு 0.36 கிராம்தான், ஒன்றரை லிட்டர் தண்ணீரில். கண்ணளவில் அள்ளிப் போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. நகை எடைபோடும் சிறிய மின்தராசு அவசியம். இலையில் ஒட்டுவதற்கு ஒட்டும் திரவமும் சேர்க்க வேண்டும். கொரியன் புல்லும் அருகம்புல்லும் இந்த மருந்தைத் தாங்கும். இருந்தாலும் முதலில் ஒரு மூலையில் தெளித்துப் பத்து நாள் பாருங்கள். கையுறை, முகக்கவசம் வேண்டும்.

கோரை மூன்று முதல் ஐந்து இலையில் இருக்கும்போது, காற்றில்லாத காலையில் தெளியுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டக்கூடாது. மருந்து உள்ளே இறங்க இலை வேண்டும். நான்கு மணி நேரமாவது மழை படக்கூடாது. மஞ்சளாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அவசரப்பட்டு மறுபடி தெளிக்காதீர்கள். தப்பியவை தழைத்த பிறகு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரண்டாம் முறை தெளித்தால் போதும். பூச்செடி, காய்கறிப் பாத்திப் பக்கம் சாரல் போகக்கூடாது. அந்தப் புல்லை மாட்டுக்கும் போடாதீர்கள்.

மற்ற களைக்கொல்லிகளில், 2,4-டி அடித்தால் மேலே கருகும், கிழங்கு பிழைத்துக்கொள்ளும். கிளைபோசேட் புல்தரையையும் சேர்த்துக் கொல்லும். கறுப்பு பாலித்தீன் விரிப்பதும் வீண்தான். கோரையின் ஊசிமுனை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கோரைக்கு நிழல் ஆகாது. கொரியன் புல்லை ஒட்ட வெட்டாமல் 3 முதல் 4 செ.மீ. உயரம் விட்டால் அடர்ந்து தரையை மூடும். எப்போதும் ஈரமாக வைத்திருப்பது கோரைக்குத்தான் கொண்டாட்டம்; மேல்மண் காய்ந்த பிறகு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள்.

புதிதாகப் புல் போடுகிறவர்கள் செம்மண்ணைக் கொட்டியவுடன் நடவேண்டாம். தண்ணீர் விட்டு இரண்டு வாரம் முளைக்கவிட்டு, கிழங்கோடு எடுத்து, இதையே இன்னும் இருமுறை செய்யுங்கள். நர்சரியில் புல்பாய் வாங்கும்போதும் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கருப்பாய், நார் சுற்றிய சிறு கிழங்கு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பாயை எடுக்காதீர்கள்.