இலையுதிர் காலத்தில் வீட்டுத் தோட்டம்: குளிருக்கு முன் செய்ய வேண்டியவை

தக்காளி காய்ப்பு அடங்கி, பீன்ஸ் கொடி பழுக்கத் தொடங்கியதும் பலரும் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். குளிரெல்லாம் போய் வசந்தத்தில் இறங்கிப் பார்த்தால் மேல்மண் இறுகிக் கிடக்கும், களை நமக்கு முன்னால் முளைத்திருக்கும். அடுத்த வருஷ விளைச்சலுக்கான வேலையில் பாதி இப்போதுதான் நடக்கிறது என்பேன். அதிலும் முக்கியமானது ஒன்றுதான்: குளிர்காலம் முழுக்க மண் திறந்து கிடக்கக் கூடாது.

படி 1: முதல் உறைபனி எப்போது?

இலையுதிர் காலம் வடக்கு அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தெற்கில் மார்ச் முதல் மே வரை. ஆனால் நமக்கு மாதத்தைவிட உறைபனிதான் கணக்கு. உங்கள் பகுதியில் முதல் உறைபனி வழக்கமாக எந்த வாரத்தில் விழும் என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலைகளைத் திட்டமிடுங்கள்.

படி 2: பறிக்க வேண்டியதைப் பறியுங்கள்

தக்காளி, கத்தரி, மிளகாய், பூசணி எல்லாம் ஒரே ராத்திரி உறைபனியில் கருகிவிடும். அதற்கு முன்பே பறித்துவிடுங்கள். நிறம் மாறத் தொடங்கிய தக்காளி வீட்டுக்குள்ளேயே பழுக்கும். பழுத்த ஆப்பிளோ வாழைப்பழமோ கூட வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் இன்னும் சீக்கிரம் பழுக்கும். பூசணியைக் காம்போடு வெட்டுங்கள், காம்பு ஒடிந்த காய் சீக்கிரம் அழுகும்.

கேல் கீரை, லீக்ஸ், பார்ஸ்னிப், கேரட் ஆகியவற்றுக்கு அவசரமில்லை. குளிர் பட்டால் இவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் ருசி கூடும்.

படி 3: பிடுங்காதீர்கள், வெட்டுங்கள்

காய்த்து ஓய்ந்த செடியை வேரோடு பிடுங்குவதுதான் பலருக்கும் பழக்கம். நோயில்லாத செடியென்றால் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். வேர் மக்கிய இடம் காற்றும் நீரும் இறங்கும் வழியாகும். செடி நன்றாகக் காய்க்கும் காலத்தில் ஒரு பீன்ஸ் வேரைத் தோண்டிப் பாருங்கள்: கடுகளவு முதல் மிளகளவு வரை சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் வேலை செய்வதன் அடையாளம் அது. முடிச்சுகள் மண்ணிலேயே மக்கட்டும்.

கருகல் நோயோ சாம்பல் நோயோ வந்த செடியை மட்டும் முழுசாக அகற்றுங்கள். அதை உரக்குழியில் போட வேண்டாம். வீட்டு உரக்குழியின் சூடு நோய்க்கிருமிகளைக் கொல்லப் பெரும்பாலும் போதாது. விதை கட்டும் முன் களையையும் எடுத்துவிடுங்கள்.

படி 4: மண்ணுக்குச் சாப்பாடு

பாத்தியின் மேல் 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்கு நன்கு மக்கிய உரத்தைப் பரப்புங்கள். கொத்திக் கிளற வேண்டியதில்லை, மண்புழுக்கள் கீழே இழுத்துக்கொள்ளும். மண் பரிசோதனையில் புளிப்பு அதிகம் என்று வந்தால் சுண்ணாம்பு இடவும் இதுதான் நேரம், ஏனென்றால் அது வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். பரிசோதிக்காமல் போடாதீர்கள், எருவோடு சேர்த்தும் போடாதீர்கள், எருவின் நைட்ரஜன் அம்மோனியாவாக ஆவியாகிவிடும்.

படி 5: மூடாக்கு

உதிர்ந்த இலையைக் கூட்டி மூட்டை கட்டி வெளியே வைப்பது எனக்கு மனசு கேட்காத காரியம். மண்ணைப் போர்வைபோல் மூடிக் காக்கும் பொருளைத்தான் மூடாக்கு என்கிறோம்; இலவசமாக விழும் மூடாக்கு அது. ஆனால் அகலமான இலைகளை முழுசாகப் பரப்பினால் மழையில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போல் படிந்து, காற்றையும் நீரையும் தடுக்கும். அதனால் முதலில் நொறுக்கிக்கொள்ளுங்கள்; புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டினாலே போதும். 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். தண்டில் ஈரம் முட்டிக்கொண்டிருந்தால் அழுகும்.

மிச்ச இலையை ஒரு கம்பிவலைக் கூண்டில் குவித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், ஒன்றிரண்டு வருஷத்தில் கறுப்பாக, பொலபொலவென்று இலை மக்கு கிடைக்கும்.

பெரிய பாத்தி காலியாக இருந்தால் பசுந்தாள் பயிர் (மண்ணுக்கு உரமாகவே வளர்க்கும் பயிர்) விதைக்கலாம். உறைபனிக்குக் குறைந்தது 4 வாரம் முன்பு கடுகோ குளோவரோ தூவினால் போதும். பூ வைத்து விதை கட்டும் முன் வெட்டி அங்கேயே போட்டுவிடுங்கள்.

படி 6: இப்போது நடக்கூடியவை

காற்று குளிர்ந்தாலும் மண்ணில் சூடு இன்னும் இருக்கும், அதனால் இப்போது நடும் மரமும் புதர்ச்செடியும் குளிருக்கு முன் வேர் பிடித்துவிடும். முதன்முறை நடுபவர்களுக்கு என் பரிந்துரை பூண்டு. மண் உறைய 4 முதல் 6 வாரம் இருக்கும்போது பெரிய பற்களாகப் பொறுக்கி, கூர்முனை மேலே இருக்க, 5 செ.மீ. ஆழத்தில் 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். போதிய குளிர் படாவிட்டால் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடலாம். ட்யூலிப், டாஃபடில் குமிழ்களை அவற்றின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில் புதையுங்கள்.

படி 7: செய்யக் கூடாதவை

இப்போது தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் கொடுத்தால் இளந்தளிர் விட்டு, அது பனியில் கருகும். லைலாக் போல வசந்தத்தில் பூக்கும் புதர்களைக் கவாத்து செய்தால் அடுத்த பூக்களையே வெட்டியதாகும், ஏனென்றால் மொட்டு ஏற்கெனவே உருவாகிவிட்டது. காய்ந்த சூரியகாந்தித் தலைகளையும் உள்ளீடற்ற தண்டுகளையும் வசந்தம் வரை விட்டுவைத்தால் பறவைக்குத் தீனி, காட்டுத் தேனீக்குக் கூடு.

படி 8: தொட்டி, குழாய், கருவிகள்

இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் முன் துளசி போன்ற குளிர் தாங்காத தொட்டிச் செடிகளை உள்ளே எடுங்கள். எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கம் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால், குழாயில் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள்; காலி மண்தொட்டிகளைக் கவிழ்த்து, மழை படாத இடத்தில் வையுங்கள். செடி வெட்டும் கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் மண் போகத் துடைத்து, எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள்.