உள்ளரங்க மாதிரி விமானம் கட்ட எந்தப் பலகை நல்லது?

மண்டபத்துக்குள் பறக்கும் மாதிரி விமானம் கட்டப் போகிறீர்களா? சட்டகத்துக்கான பல்சா எனும் மிக இலேசான மரக்குச்சி வாங்குவதற்கு முன், அதைப் பரப்பி ஒட்டும் தளத்தைத் தெரிவு செய்யுங்கள். சர்வதேசப் போட்டிகளின் எஃப்1டி எனும் உள்ளரங்க வகையில், விசிறியைச் சுழற்றும் ரப்பர் நீங்கலாக விமானத்தின் குறைந்தபட்ச எடையே 1.4 கிராம்தான். இவ்வளவு மெல்லிய சட்டகம், தளத்தின் கோணலை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு.

கொழும்பின் ஈரக்காற்றில், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஓரம் ஊறி உப்பிவிடும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கீழே தடித்த கண்ணாடி, அதன்மேல் ஃபோம் போர்டு: இதுதான் என் தெரிவு. கண்ணாடி மட்டத்தைக் காக்கும். ஃபோம் போர்டில் குண்டூசி இலகுவாக இறங்கி நிற்கும். புறக்கோட்டைக் காகிதாதிக் கடைகளில் ஏ2 அளவில் கேளுங்கள். எஃப்1டி இறக்கையின் உச்ச நீளமான 55 சென்ரிமீற்றர் அதில் அடங்கும். கண்ணாடியின் ஓரத்தைக் கடையிலேயே உரசித் தரச் சொல்லுங்கள்.

உருக்கு அடிமட்டத்தைத் தளத்தின்மேல் விளிம்பு படும்படி நிறுத்தி, பின்னாலிருந்து டோர்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். இரண்டு மூலைவிட்டங்களிலும் பார்ப்பது முக்கியம், முறுக்கம் அங்கேதான் தெரியும்.

தளத்தில் வைக்கும் விமான வரைபடத்தின்மேல் மெல்லிய பொலித்தீன் விரித்தால் பசை ஒட்டாது. ரெஜிபோமில் கட்டுபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. சயனோ பசை (சூப்பர் குளூ) ரெஜிபோமைக் கரைத்துவிடும். குண்டூசியைக் குச்சிக்குள் குத்தாமல், இரு பக்கமும் சாய்த்துக் குத்தி, குச்சி நகராதபடி அணைத்து நிறுத்துங்கள். பசை காயும்வரை மின்விசிறி வேண்டாம்.