தாதுமணல் சுரங்கத்தில் சுற்றுச்சூழல் வேலை: எங்கே தொடங்குவது?

அரிய மண் தனிமங்கள் என்றதும் பலருக்குச் சீனாவில் எங்கோ மலையை வெட்டுவதுதான் நினைவுக்கு வரும். நம்மூரில் அது கடற்கரை மணலில் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில், அரிய மண் தனிமங்களும் தோரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார், அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் தொழிலே தொடங்கியது. இன்று மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் நடத்தும் மணல் ஆலை இருப்பதும் அதே ஊரில்தான். இப்படியொரு சுரங்கத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊர்க்காரராக இருந்தாலும் படிக்கலாம், என்னென்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கதிரியக்கத்தை இந்தச் சுரங்கம் உண்டாக்குவதில்லை. நம் மோனசைட்டில் 8 முதல் 9 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு, கூடவே கொஞ்சம் யுரேனியம், கதிர்வீசும் இவையெல்லாம் மணலோடு மணலாகக் காலங்காலமாகக் கிடப்பவை. நாம் செய்வது, பரவிக் கிடந்ததை ஓரிடத்தில் சேர்ப்பது. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்ற மற்ற கனிமங்கள் எல்லாவற்றையும் காந்தத்தாலும் மின்னழுத்தத்தாலும் பிரித்தெடுத்த பிறகு எந்தக் குவியலில் மோனசைட் தங்குகிறது, அந்தக் குவியல் எங்கே போகிறது, இந்தக் கணக்கு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் எத்தனை மரம் நட்டும் பயனில்லை.

கணக்கு என்றால் முதல் வரி வேண்டுமே. ஒரு கூடை மணலைத் தொடுவதற்கு முன்பே, எடுக்கப்போகும் நிலம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் காமா கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்யுங்கள். பின்னால் அதே புள்ளியில் அதே உயரத்தில் மறுபடி அளக்க வேண்டியிருக்கும். ஒரே பருவத்தில் அளந்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஈர மண் கதிர்வீச்சைக் கொஞ்சம் மறைக்கும். ஓரிடத்தில் மழைக்காலத்தில் மட்டும் எடுத்த அளவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கோடையில் எண் ஏறியதும் ஊரே திரண்டு வந்து கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். தவிர, குமரியின் மேற்குக் கரையை ஆனி ஆடிக் கடல் தின்றுவிட்டுப் போகும், அப்புறம் மெல்ல மணல் திரும்பி வரும். அதனால் கரைக்கோட்டையும் குறைந்தது ஒரு முழு வருடமாவது அளந்து வையுங்கள். இல்லையென்றால் கடல் எடுத்தது எது, நீங்கள் எடுத்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, தண்ணீர். என்னைக் கேட்டால் கதிர்வீச்சைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். கடற்கரை மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டருக்கு அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்பது பழைய கணக்கு. தலைகீழாகவும் இதைப் படிக்க வேண்டும்: பம்பு வைத்து மேலே ஒரு மீட்டர் இறக்கினால், கீழேயிருந்து உப்பு மேலேறத் தொடங்கிவிடும். ஆகவே குளம் வெட்டி மணலை உறிஞ்சும் இடங்களில் அந்தக் குளத்து நீர்மட்டத்தைச் சுற்றுக் கிணறுகளின் மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், கழுவிய தண்ணீரைத் திருப்பி அதே சுற்றில் விடுங்கள், கடல்நீரை உள்நிலத்துக் குழிக்குக் கொண்டு வராதீர்கள். கண்காணிப்புக் கிணறுகளை வேலிக்குள் மட்டும் வைத்துக்கொண்டால் போதாது, ஊர்க் கிணறுகளும் பட்டியலில் வர வேண்டும். உப்பு ஏறுகிறதா என்று காட்டும் குளோரைடு, டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்) இரண்டும் மாதாமாதம். மொத்த ஆல்பா, பீட்டா கதிரியக்கமும் பாருங்கள், கதிரியக்கத்தை அளக்கும் பெக்கரல் அலகில் குடிநீருக்கு நம் நாட்டுத் தரம் லிட்டருக்கு ஆல்பா 0.1, பீட்டா 1.

பள்ளத்தை மூடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் தவறவிடுவது இதைத்தான். 100 டன் மணலில் 20 டன் கனிமம் எடுத்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. கனிமம் கனமானது என்பதால் பருமனில் எட்டில் ஒரு பங்குதான் குறையும், ஆனால் 8 மீட்டர் ஆழம் தோண்டிய இடத்தில் அது 1 மீட்டர். மிச்ச மணலை முழுக்கத் திருப்பிப் போட்டாலும் நிலம் ஒரு மீட்டர் தாழ்ந்துதான் நிற்கும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், கடல் சீறும்போது அலை உள்ளே வரும். எனவே முன்வரிசை மணல்மேட்டில் கைவைக்காமல் விடுவதும், மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருந்து கடைசியில் பரப்புவதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். மூடியதும் உடனே சவுக்கு நட்டுப் படம் எடுத்துப் போடும் பழக்கம் ஒன்று உண்டு. மேட்டின் முகப்பில் மணலைப் பிடித்து நிறுத்துவது அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான், சவுக்கு பின்னால் வரட்டும். ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் முகப்பில் மரமே வேண்டாம்.

இனி மோனசைட் தங்கிய அந்தக் குவியல். அணுசக்தி தொடர்பான சட்டத்தின் கீழ் வரும் பொருள் இது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். மோனசைட்டைப் பிரித்தெடுக்காத ஆலையில் அது கழிவோடு சேர்ந்து செறிந்து நிற்கும், அதை அகழியில் போட்டு மேலே வெறும் மணலால் மூட வேண்டும். ‘வீட்டுக்கு அடித்தளம் நிரப்ப நாலு லோடு கொடுங்க’ என்று நல்ல மனிதர்களே வந்து கேட்பார்கள். கொடுக்கவே கூடாது, அது நாளைக்கு ஒருவரின் படுக்கையறைத் தரைக்கு அடியில் இருக்கும். லாரியில் தார்ப்பாய், டயர் கழுவும் இடம், சாலையோரம் சிந்திய கருமணலை அன்றன்றே கூட்டி அள்ளுவது எல்லாம் வழக்கமான வேலைதான். உலர்ந்த மணல் ஓடும் பிரிவில் மட்டும் தூசியில் கண்ணாக இருங்கள், அங்கே ஆபத்து மூச்சு வழியாக வரும். தொழிலாளி வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட்டில் அளப்பார்கள்; தொழிலாளிக்கு ஐந்தாண்டு சராசரியாக வருடம் 20 மில்லிசீவெர்ட், பொதுமக்களுக்கு வருடம் 1 மில்லிசீவெர்ட் என்பது வரம்பு.

ஊரோடு பேசும்போது ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள். வாசலில் ஒரு பலகை, தமிழில், போன மாத அளவும் சுரங்கம் வருமுன் இருந்த அளவும் பக்கத்துப் பக்கத்தில். புற்றுநோய் பற்றிய கேள்வி வரும், வரத்தான் செய்யும். இதே மோனசைட் மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வில் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஊரில் குடியிருப்பவர்களைப் பற்றிய ஆய்வு, ஆலைத் தூசியைச் சுவாசிப்பவரைப் பற்றியது அல்ல. அதைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு இவ்வகைக் கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. சட்டம் கேட்கவில்லை என்றாலும் கூட்டம் போடுங்கள். மலேசியாவில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் இருந்த அரிய மண் ஆலையில் மக்கள் கேட்டது நீதிமன்றம் வரை போய், 1992இல் ஆலையை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது, துப்புரவுச் செலவு 10 கோடி டாலர் அளவுக்குப் போனது.

கடைசியாக, அகழிகளின் வரைபடம். எந்த ஆண்டு, எவ்வளவு டன், எத்தனை அடி ஆழம், மேலே எத்தனை அடி மணல், எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதி அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காமல் ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலகத்திலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். தோரியத்தின் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டுகள். சுரங்கக் குத்தகை முடிந்து, நிலம் கைமாறி, யாரோ ஒருவர் அங்கே கிணறு தோண்ட வரும்போது அவருக்கு அந்தத் தாள் கிடைக்க வேண்டும்.